சின்னப் பிள்ளைகளோடு ராணுவ மருத்துவப் படிப்பு: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

புனேயில் இருக்கும் ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏஎஃப்எம்சி-யில் சேர வேண்டுமானால் திருமணம் ஆகியிருக்கக் கூடாது. படிப்பு முடியும்வரை திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. அதனால் ராணுவ மருத்துவப் படிப்பு என்றதுமே, அது குடும்பஸ்தர்களுக்கானது இல்லை என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். அமெரிக்காவில் கதை வேறு. இங்கே கணவன், மனைவி, கைக்குழந்தை என்று குடும்பத்தோடு வந்து படிப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை மட்டும் கட்டாயம். கிரீன் கார்டு போதாது.

2025-இல் வந்த சட்டத்தால் இந்தப் பேச்சு இப்போது இன்னும் அதிகமாகிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு, மேற்படிப்புக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பல தனியார் கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணமே அந்த 50,000-ஐத் தாண்டுகிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மீதியைத் தனியார் கடனில் சமாளிப்பது எப்படி என்று யோசிப்பவருக்கு, 'கட்டணமே இல்லை' என்ற சொல் பெரிதாகக் கேட்கும். ஆனால் இந்த முடிவை டாலரில் அளந்தால் தப்பாகத்தான் வரும். அளக்க வேண்டியது உங்கள் பிள்ளையின் வயதில்.

முதலில்: இரண்டு வழிகள், இரண்டும் ஒன்றல்ல

ஒன்று, மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள யூனிஃபார்ம்டு சர்வீசஸ் யுனிவர்சிட்டி. சுருக்கமாக யூஎஸ்யூ. 1972-இல் போட்ட சட்டத்தால் உருவானது. முதல் வகுப்பு 1980-இல் பட்டம் பெற்றது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை இருக்கும் அதே வளாகம். ஆண்டுக்குச் சுமார் 170 பேர் சேர்கிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் முழுநேரப் பணியில் இருக்கும் அதிகாரி: ஆர்மி, ஏர் ஃபோர்ஸில் செகண்ட் லெப்டினென்ட், நேவியிலும் பப்ளிக் ஹெல்த் சர்வீஸிலும் என்சைன். நான்கும் ஓ-1 என்ற ஒரே படிநிலைதான். கட்டணம் கிடையாது, சம்பளம் உண்டு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. பதிலுக்கு, முப்படையில் சேர்ந்தவர்கள் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) முடித்த பிறகு 7 ஆண்டு பணியாற்ற வேண்டும்.

மற்றொன்று எச்பிஎஸ்பி ஸ்காலர்ஷிப். நீங்கள் படிப்பது சாதாரண சிவில் மருத்துவக் கல்லூரி. கட்டணத்தை ராணுவம் கட்டுகிறது, மாதம் ஸ்டைபெண்ட் தருகிறது, நான்காண்டு ஒப்பந்தத்துக்கு 20,000 டாலர் போனஸும் தருகிறது. ஆண்டுக்கு 45 நாள் மட்டும் பணிப் பயிற்சி. மற்ற நாட்களில் நீங்கள் சாதாரண மாணவர். நான்காண்டு உதவி வாங்கினால் ரெசிடென்சிக்குப் பின் நான்காண்டு பணி.

மேலோட்டமாகப் பார்த்தால் ஏழுக்கு நான்கு, எச்பிஎஸ்பி-தான் லாபம் என்று தோன்றும். பிள்ளைகள் இல்லாதவருக்குப் பெரும்பாலும் அதுவே சரி. குழந்தை இருக்கும் வீட்டில் கணக்கு தலைகீழாக மாறக்கூடும். ஏன் என்பதைக் காப்பீட்டுப் பகுதியில் பாருங்கள்.

இரண்டும் இல்லாமல் மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. சிவில் கல்லூரியில் படித்துவிட்டு, ரெசிடென்சியின்போதோ அதற்குப் பிறகோ ராணுவத்தில் சேர்வது. ராணுவ மருத்துவர் ஆக வேண்டும் என்ற ஆசை உறுதியாக இல்லாதவர்கள் இந்த வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகளும் கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள். எந்தத் துறை என்பதும் முடிவாகியிருக்கும்.

பிள்ளையின் வயதில் ஒரு கணக்கு

ஒரு தாளை எடுத்து இடது ஓரத்தில் ஆண்டுகளை எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பத்தி. அதற்கும் பக்கத்தில் உங்கள் கணவர் அல்லது மனைவியின் வயது. கடைசியில் ஊரிலிருக்கும் பெற்றோரின் வயது.

சேரும்போது மூத்த பிள்ளைக்கு 2 வயது என்று வைத்துக்கொள்வோம். யூஎஸ்யூ-வில் பட்டம் வாங்கும்போது 6. ஃபேமிலி மெடிசின் போன்ற மூன்றாண்டு ரெசிடென்சி முடியும்போது 9. ஏழாண்டு பணி முடியும்போது 16. எச்பிஎஸ்பி-யில் இதே குழந்தைக்கு 13. அறுவை சிகிச்சை போன்ற ஐந்தாறு ஆண்டு ரெசிடென்சி என்றால் யூஎஸ்யூ வழியில் 18, 19; அதாவது பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை நீங்கள் எங்கே வசிப்பது என்பதை ராணுவம் தீர்மானிக்கும்.

அந்தத் தாளில் இன்னொரு பத்தியைச் சேருங்கள்: ஊர் மாற்றம். படிப்புக்கு ஒரு முறை, ரெசிடென்சிக்கு ஒரு முறை, அதன் பின் இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான காலத்தில் எத்தனை மாற்றம் விழுகிறது என்று பாருங்கள். 3 வயதுக் குழந்தைக்கு வீடு மாறுவது பெரிய விஷயமில்லை, 15 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது முடிவெடுக்கிறோம், விளைவு அவர்கள் வளர்ந்த பிறகு வருகிறது. பெற்றோர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

கணக்கில் மூன்று விஷயங்கள் விடுபட்டுப் போகும்.

ரெசிடென்சிக் காலம் பணிக்கடனில், அதாவது நீங்கள் பதிலுக்குத் தர வேண்டிய பணியாண்டுகளில், கழியாது. 'ஏழாண்டு' என்று கேட்டுவிட்டு, பட்டம் வாங்கியதும் எண்ணத் தொடங்குபவர்கள் பிறகு அதிர்ந்துபோகிறார்கள்.

சிலர் இன்டர்ன்ஷிப் முடிந்ததும் ரெசிடென்சிக்குப் போகாமல், இரண்டு மூன்று ஆண்டு ஜெனரல் மெடிக்கல் ஆபிசராக அனுப்பப்படுகிறார்கள். நேவியில் இது அதிகம். கப்பல், மரைன் படைப்பிரிவு, விமானப் பிரிவு என்று பணி அமையும். அந்தக் காலம் பணிக்கடனில் கழியும், ஆனால் ரெசிடென்சி தள்ளிப்போகும். இரண்டு விதமாகவும் தாளில் கோடு போட்டு வையுங்கள்.

யூஎஸ்யூ-வில் படித்த நான்காண்டு, ஓய்வூதியத்துக்கான 20 ஆண்டுத் தகுதியில் சேராது. மூன்றாண்டு ரெசிடென்சியும் ஏழாண்டுப் பணியும் சேர்த்துப் பத்துதான். பென்ஷன் வேண்டுமென்றால் இன்னும் பத்து.

வயது வரம்பு: யூஎஸ்யூ-வில் சேரும் ஆண்டின் ஜூன் 30 அன்று 36-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. விலக்கு கேட்கலாம், ஏற்கெனவே படையில் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எச்பிஎஸ்பி-யில் படைக்குப் படை வரம்பு வேறு.

மாதச் செலவு

யூஎஸ்யூ மாணவரின் வருமானம் மூன்று துண்டு. அடிப்படைச் சம்பளம் ஓ-1 நிலையில் 2025-இல் மாதம் 3,998.40 டாலர். உணவுப்படி அதே ஆண்டில் 320.78 டாலர். அதற்கு மேல் பிஏஎச் எனப்படும் வீட்டு வாடகைப்படி. வருமான வரி முதல் துண்டுக்கு மட்டும்தான், இரண்டு படிகளுக்கும் வரி இல்லை. பிஏஎச் மூன்றைப் பொறுத்தது: பணியிடத்தின் வட்டாரம், படிநிலை, சார்ந்திருப்போர் உண்டா இல்லையா. எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. ஒரு குழந்தைக்கும் நான்கு குழந்தைகளுக்கும் அதே தொகைதான்.

நான்காண்டும் ஓ-1 தான், இடையில் பதவி உயர்வு இல்லை. பட்டம் வாங்கிய அன்று ஓ-3 ஆகிவிடுவீர்கள். ஆர்மி, ஏர் ஃபோர்ஸில் கேப்டன், நேவியில் லெப்டினென்ட். முன்பு படைவீரராக நான்காண்டுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு ஓ-1இ என்ற உயர்ந்த விகிதம் கிடைக்கும்.

பெதஸ்டா வாடகை கூடிய இடம். குடும்பத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் ராக்வில், கெய்த்தர்ஸ்பர்க், சில்வர் ஸ்பிரிங் பக்கம்தான் வீடு பார்க்கிறார்கள். ரெட் லைன் மெட்ரோவில் மெடிக்கல் சென்டர் நிலையம் வளாக வாசலிலேயே இருக்கிறது. அந்தத் தடத்தில் வீடு கிடைத்தால் இரண்டாவது கார் இல்லாமல் சமாளிக்கலாம்.

கைச்செலவுக்கு இரண்டு மாதப் பணத்தை ஒதுக்கிவிட்டு வாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் தாமதமாவதும், 'சார்ந்திருப்போர் உண்டு' என்ற பிஏஎச் விகிதம் பதிவாகாமல் குறைந்த தொகை வருவதும் சகஜம். பிறகு பாக்கி வந்துவிடும்; ஆனால் வீட்டுக்காரர் வாடகையை முதல் தேதியே கேட்பார். சம்பளச் சீட்டை மாதம் இருமுறை வரி வரியாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தவறாகக் கூடுதலாக வந்தால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள். செலவழித்த பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பான டிஎஸ்பி-யில் அரசு 1 சதவீதத்தைத் தானாகப் போடும். நீங்கள் போடுவதற்கு ஈடான தொகை மூன்றாம் ஆண்டிலிருந்து வரும். அப்போது 5 சதவீதம் போடாமல் விட்டால் கிடைக்கும் பணத்தை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

வீட்டுச் சாமான்களை அரசு செலவில் அனுப்பலாம். ஓ-1 நிலையில் குடும்பத்தோடு வருபவருக்கு 12,000 பவுண்டு வரை. நீங்களே வண்டி எடுத்துக் கொண்டுவந்தாலும் பணம் தருவார்கள், ஆனால் காலி வண்டிக்கு ஒரு எடைச் சீட்டு, சாமான் ஏற்றிய பிறகு ஒரு எடைச் சீட்டு, இரண்டும் வேண்டும். காலி வண்டியை எடை போட மறப்பவர்கள்தான் அதிகம். சாமான் ஏற்றும் அவசரத்தில் அது நினைவுக்கு வராது.

மருத்துவக் காப்பீடு: எச்பிஎஸ்பி-யின் ஓட்டை

யூஎஸ்யூ மாணவர் முழுநேரப் பணியில் இருப்பதால் குடும்பம் முழுவதும் ராணுவத்தின் ட்ரைகேர் காப்பீட்டில் வந்துவிடும். ட்ரைகேர் பிரைமில் சேர்ந்தால் மாதத் தவணை இல்லை. பிரசவம், தடுப்பூசி, குழந்தையின் காது வலி எல்லாம் அதில் அடங்கும்.

எச்பிஎஸ்பி மாணவருக்கு அப்படி இல்லை. 45 நாள் பணிப் பயிற்சியின்போது மட்டுமே அவர் பணியில் இருப்பவராகக் கருதப்படுகிறார். மீதி நாட்களில் குடும்பத்துக்கு ட்ரைகேர் கிடையாது. கல்லூரி கட்டாயமாக்கும் காப்பீட்டுக் கட்டணத்தை மாணவருக்கு மட்டும் திருப்பித் தருவார்கள். கணவர் அல்லது மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஆகும் தொகை உங்கள் கையிலிருந்துதான். நான்காண்டுக்கு இதைக் கூட்டிப் பார்த்தால் போனஸ் 20,000 டாலர் எங்கே போனதென்று தெரியாது.

எச்பிஎஸ்பி எடுப்பதென்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில், துணைவரின் வேலையில் குடும்பக் காப்பீடு உண்டா? கல்லூரி இருக்கும் ஊருக்கு மாறினாலும் அந்த வேலை தொடருமா? இல்லையென்றால் மாநிலத்தின் மெடிகெய்டு அல்லது குழந்தைகளுக்கான சிப் திட்டம். அதற்குத் தகுதி வருமானத்தைப் பொறுத்தது. ஸ்டைபெண்டும் போனஸும் வரிக்கு உட்பட்ட வருமானம். ராணுவம் கட்டும் கல்விக் கட்டணம் அப்படியல்ல. போனஸ் வரும் ஆண்டில் மட்டும் வரம்பைத் தாண்டி, கணவர் அல்லது மனைவியின் மெடிகெய்டு நடுவில் நின்றுபோகும் நிலை வரலாம். விண்ணப்பிக்கும் முன்பே மாநில அலுவலகத்தில் தொகைகளைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கடைசி வழி, அரசுச் சந்தையில் வாங்கும் காப்பீடு.

துணைவருக்கு நல்ல வேலையும் நல்ல காப்பீடும் இருந்து, தாத்தா பாட்டி இருக்கும் ஊரிலேயே கல்லூரி கிடைத்தால், எச்பிஎஸ்பி பக்கம் தராசு சாயும். ஒருவர் வருமானத்தில் ஓடும் குடும்பம், மருத்துவ கவனிப்பு தேவைப்படும் குழந்தை என்றால் யூஎஸ்யூ பக்கம். இதில் பொதுவான பதில் கிடையாது.

விண்ணப்பமும் உடல் தகுதியும்

யூஎஸ்யூ-வுக்கும் மற்றக் கல்லூரிகளைப் போலவே எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதி, ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதன் பின் யூஎஸ்யூ-வின் துணை விண்ணப்பம், நேர்காணல், எந்தப் படை என்ற விருப்ப வரிசை. எச்பிஎஸ்பி-க்குக் கல்லூரி விண்ணப்பம் தனி, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் தனி. பின்னதற்கு மருத்துவப் பிரிவு ரெக்ரூட்டரைத் தேட வேண்டும். தெருமுனை ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் இருப்பவர் சாதாரண வீரர்களைச் சேர்ப்பவர். அவரிடம் கேட்டால் பாதி தகவல்தான் கிடைக்கும்.

உடல் பரிசோதனையில் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை: கர்ப்பமாக இருந்தாலோ, பிரசவமாகி ஆறு மாதம் ஆகாமல் இருந்தாலோ அப்போதைக்குத் தகுதி கிடையாது. அடுத்த குழந்தையைத் திட்டமிடும் பெண்கள் இந்தத் தேதியைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். 13-ஆம் பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் விலக்கு வாங்க வேண்டும். லேசிக் செய்து 180 நாள் ஆகியிருக்க வேண்டும். எதையும் மறைக்க வேண்டாம். பழைய மருந்துச் சீட்டுகள் எப்படியும் வெளியே வரும், அப்போது நோயைவிட மறைத்ததுதான் பெரிய பிரச்சினையாகும்.

அதிகாரியாவதற்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம். அதில் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மாமனார் மாமியார், வெளிநாட்டு வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் கேட்பார்கள். ஊரில் அப்பா பெயரிலிருந்து உங்களுக்குப் பங்கு வந்த வீடு, மறந்துபோன என்ஆர்இ கணக்கு, கடந்த ஏழாண்டு வெளிநாட்டுப் பயணத் தேதிகள் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உறவினர் இந்தியாவில் இருப்பது தடையல்ல. விட்டுப்போன பெயர்தான் தாமதத்தை உண்டாக்கும்.

இன்னொன்று, பலர் தாமதமாகத் தெரிந்துகொள்வது: வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடையாது என்பது இந்திய அரசின் விதி. ஊருக்குப் போவதென்றால் விசாவும், மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அவசரமென்றால் இரவோடு இரவாகக் கிளம்புவது கடினம். இதைப் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நான்காண்டு வீட்டில் எப்படிப் போகும்

வகுப்பு தொடங்கும் முன் கோடையிலேயே அதிகாரிப் பயிற்சி. ஏர் ஃபோர்ஸ் என்றால் அலபாமாவின் மேக்ஸ்வெல், நேவி என்றால் ரோட் ஐலண்டின் நியூபோர்ட். சுமார் ஐந்தாறு வாரம் குடும்பத்தை விட்டுத் தனியாக. போனில் பேசுவதும் முதல் வாரங்களில் குறைவுதான். வீடு மாற்றமும் இதுவும் ஒரே கோடையில் வந்து விழும். துணைவர் கைக்குழந்தையோடு புது ஊரில் தனியாக இருக்கும் காலம் இது. அம்மாவோ மாமியாரோ வந்து துணையிருக்க முடியுமென்றால் அந்தப் பயணத்தை இந்த வாரங்களுக்கு வையுங்கள், பட்டமளிப்பு விழாவுக்கு அல்ல. விசா நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

முதல் ஒன்றரை ஆண்டு வகுப்பறைப் படிப்பு. பகலில் சீருடை, மாலையில் வீடு. இதுதான் நான்கில் ஒழுங்கான காலம். இரண்டாம் ஆண்டின் நடுவில் மருத்துவமனைப் பயிற்சிச் சுற்றுகள் தொடங்கும். பெதஸ்டாவில் மட்டுமல்ல, சான் அன்டோனியோ, சான் டியாகோ, வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத், ஹவாய் என்று வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் வெளியூர். மாணவரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் பணம் தருவார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போவது உங்கள் செலவு. மருத்துவர் உரிமத்துக்கான யூஎஸ்எம்எல்இ ஸ்டெப் 1 தேர்வை இங்கே இந்தச் சுற்றுகளுக்குப் பிறகுதான் எழுதுகிறார்கள். வெளியூர் முடிந்து வந்தவர் மறுநாளே படிப்பில் மூழ்கிவிடுவார் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் புஷ்மாஸ்டர் என்ற களப்பயிற்சி, பென்சில்வேனியாவின் ஃபோர்ட் இந்தியன்டவுன் கேப்பில்.

ராணுவ ரெசிடென்சி முடிவு டிசம்பரிலேயே வந்துவிடும். சிவில் மாணவர்களுக்கு மார்ச். அடுத்த ஊரில் பள்ளி, டே கேர் தேட அந்த மூன்று மாதம் பெரிய உதவி.

குழந்தை பெற எந்த ஆண்டு நல்லது என்ற கேள்வி எப்போதும் வரும். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து தாய் தந்தை இருவருக்கும் 12 வாரம் பெற்றோர் விடுப்பு உண்டு. பெற்றவளுக்கு உடல் தேறுவதற்கான விடுப்பு தனி. ஆனால் மாணவர் தொடர்ந்து 12 வாரம் எடுத்தால் அடுத்த வகுப்போடு சேர வேண்டி வரலாம். சுற்றுகள் நடக்கும் ஆண்டு மிகவும் கடினம். டிசம்பர் முடிவு வந்த பிறகான நான்காம் ஆண்டு வசந்தம்தான் எல்லாவற்றிலும் எளிது. உடல் நம் திட்டத்துக்கெல்லாம் கட்டுப்படாது. ஆகையால் வகுப்பு ஓராண்டு தள்ளிப்போனால் தாங்குமா என்றும் அந்தத் தாளில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

டே கேர்

வளாகத்தில் குழந்தைகள் மையம் உண்டு, சிடிசி என்பார்கள். ஆறு வாரக் குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, ஓ-1 சம்பளக்காரருக்கு அது வெளி மையங்களில் இருப்பதைவிட மிகவும் குறைவு. சிக்கல் காத்திருப்போர் பட்டியல். மிலிட்டரி சைல்ட்கேர் டாட் காம் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ராணுவத்தில் தனியாக வளர்க்கும் பெற்றோர், இருவரும் படையில் இருப்பவர்கள், துணைவர் முழுநேர வேலையில் இருப்பவர்கள் முன்னால் வருவார்கள். துணைவர் வேலை தேடும் நிலையில் இருந்தால் கொஞ்சம் பின்னால். வீட்டிலேயே இருந்தால் இன்னும் பின்னால். பணி ஆணை கைக்கு வந்த அன்றே பதிவு செய்யுங்கள். இடம் இல்லையென்றால் வெளியே உள்ள அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குக் கட்டண உதவி தரும் திட்டம் உண்டு, அதற்கும் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. உள்ளே இடம் வரும் என்று நம்பி, வெளியே பார்க்காமல் ஆகஸ்ட் வரை இருந்துவிடாதீர்கள்.

இரவுப் பணிக்கும் விடியற்காலை ஐந்து மணிச் சுற்றுக்கும் எந்த மையமும் திறந்திருக்காது. அந்த நேரத்துக்கு யார்? அக்கம்பக்கத்து ராணுவக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் பதில். அதனால் முதல் மாதத்திலேயே நான்கு வீடுகளோடு பழகிவிடுவது படிப்பளவுக்கு முக்கியமான வேலை.

துணைவரின் வாழ்க்கை

ஊர் மாறும்போதெல்லாம் துணைவரின் வேலை ஆட்டம் காணும். நர்ஸ், ஆசிரியர், தெரபிஸ்ட் போன்ற உரிமம் தேவைப்படும் வேலைகளில், இடமாற்ற ஆணையோடு வரும் துணைவரின் உரிமத்தை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. தொடக்கத்தில் வழக்கறிஞர் உரிமத்துக்கு அது பொருந்தாமல் இருந்தது. மைகா என்ற திட்டத்தில் சான்றிதழ்ப் படிப்புக்கு 4,000 டாலர் வரை கிடைக்கும். ஓ-1 நிலையினரின் துணைவருக்குத் தகுதி உண்டு. வீட்டிலிருந்து செய்யும் ஐடி வேலை இருந்தால் உள்நாட்டு மாற்றங்களில் பாதிப்பு குறைவு, ஆனால் ஜப்பான் அல்லது ஜெர்மனிக்கு ஆணை வந்தால் நிறுவனம் சம்மதிக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர், வாழப்போவது எல்லோரும். துணைவர் 'உன் விருப்பம்' என்று மட்டும் சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன தாளை இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். நேர்காணலுக்குப் போகும்போது, அங்கே படிக்கும் பெற்றோர் ஒருவரின் துணைவரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாணவரிடம் கேட்பதைவிட அங்கே உண்மை அதிகம் கிடைக்கும். கேட்க வேண்டியவை: வெளியூர்ச் சுற்று எத்தனை வாரம் வந்தது? டே கேர் இடத்துக்கு எத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில் வீட்டில் யார் இருந்தார்கள்?

குழந்தைக்கு ஆட்டிசம் போன்ற தொடர் கவனிப்பு தேவைப்படும் நிலை இருந்தால் இஎஃப்எம்பி என்ற பதிவு கட்டாயம். அந்தச் சிகிச்சை கிடைக்காத இடத்துக்குக் குடும்பத்தோடு அனுப்பாமல் இருப்பதற்கு அது உதவும். பதவி உயர்வு பாதிக்கும் என்று பயந்து பதியாமல் விடுபவர்கள் பிறகு வெளிநாட்டு ஆணை வரும்போது தவிக்கிறார்கள்.

படிப்பு நடுவில் நின்றால்? படித்த காலத்துக்கு ஈடாக வேறு பொறுப்பில் பணியாற்றவோ பணத்தைத் திருப்பிக் கட்டவோ சொல்லலாம். ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியை ரெக்ரூட்டர் சொல்வதை வைத்து அல்ல, எழுத்தில் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

காகிதங்கள்

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களும், கணவன் மனைவி இருவரும் படையில் இருப்பவர்களும் ஃபேமிலி கேர் பிளான் எழுதித் தர வேண்டும். உங்களை அழைத்தால் குழந்தையை உடனே யார் எடுத்துக்கொள்வார்கள், நீண்ட காலத்துக்கு யார் என்று இரண்டு பெயர். உடனடிப் பொறுப்பாளர் அதே வட்டாரத்தில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பாட்டியை அதற்கு எழுத முடியாது. மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் எழுதிப் பாருங்கள். யார் பெயரும் தோன்றவில்லை என்றால், அந்த ஊரில் முதலில் செய்ய வேண்டிய வேலை என்ன என்பது தெரிந்துவிடும்.

ஆயுள் காப்பீடு எஸ்ஜிஎல்ஐ-யில் 5,00,000 டாலர் வரை. யாருக்குச் சேர வேண்டும் என்பதை நீங்களே போய் நிரப்புங்கள். திருமணத்துக்கு முன் படையில் இருந்தவர்களின் படிவத்தில் இன்னமும் பெற்றோர் பெயர் இருப்பது உண்டு.

ட்ரைகேரும் அடையாள அட்டையும் கிடைக்க, டீயர்ஸ் என்ற பதிவேட்டில் குடும்பத்தினர் பெயர் ஏற வேண்டும். திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாவற்றுக்கும் மூலப் பிரதியோ சான்றொப்பமிட்ட பிரதியோ வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. தமிழில் அச்சான சான்றிதழாக இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், திருமணச் சான்றிதழில் இனிஷியலாக முன்னால், பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருப்பது நமக்கே உரிய தலைவலி. ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள், அந்த மேசையில் நின்றுகொண்டு விளக்க முடியாது.

பயிற்சிக்குக் கிளம்பும் முன் கடைசி வேலை டிடி 1172-2 என்ற படிவம். குடும்பத்தினரைப் பதிவு செய்யவும் அட்டை வாங்கவும் படையில் இருப்பவரின் கையெழுத்து அதில் வேண்டும். நீங்கள் அலபாமாவில், குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல், துணைவர் கையில் காப்பீடு இல்லை என்ற நிலை இந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான் வருகிறது. பதிவு இன்னும் முடியவில்லையென்றால், துணைவர் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி நோட்டரி முத்திரையோடு, மேலே சொன்ன மூலச் சான்றிதழ்களுடன் ஒரே கோப்பில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய காப்பீட்டை, ட்ரைகேர் எண் வரும்வரை நிறுத்த வேண்டாம்.